அணில் விழுந்ததற்கு நான் பொறுப்பல்ல

தாராவி, மும்பை
செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்

மகா கனம் பொருந்திய மச்சான் திரு. மிக்கேல்ராஜ் அவர்களின் சமுகத்துக்கு,

தங்கள் தங்கை இருதயமேரியின் கணவன் ஜாபெஸ் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எங்கள் சபை முறைப்படி ஸ்தோத்திரம். தங்கள் கோயில் முறைப்படி மரியே வாழ்க. இரண்டில் எது தங்களுக்கு உவப்போ அதை வைத்துக்கொண்டு மற்றதை எனக்கே திருப்பி அனுப்பிவிடவும். இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். எங்கள் கட்டட லிஃப்டும் போன வாரத்திலிருந்து நலம். தூத்துக்குடியில் தாங்களும், ஆனி அக்காவும், வருகிற மே மாதம் மணமேடை ஏறப்போகும் தங்கள் மகள், என் மருமகள் ஷாலினியும் சுகமாயிருக்க ஆண்டவரைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. இதைப் போனிலேயே சொல்லிவிடத்தான் பார்த்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன். "மச்சான், அந்த இசை இருக்கே..." என்று ஆரம்பித்த உடனே தாங்கள் "இசையா அது? பரலோகமில்லா!" என்று அழுதுகொண்டே போனை ஆனி அக்காவிடம் கொடுத்துவிட்டீர்கள், அக்கா அதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தார்கள், அந்த அம்மாள் "பம்பாய்ல வெயில் எப்படி?" என்று கேட்டார்கள். வாட்ஸ்ஆப்பில் நீளமாக எழுதினேன். கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிட்டுத் தாங்கள் போய்விட்டீர்கள். படித்திருந்தால் கும்பிட்டிருக்க மாட்டீர்கள். ஆகவேதான் கடிதம்.

மச்சான், மாதுங்காவில் நடந்த என் நிகழ்ச்சியின் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தாங்கள் அனுப்பிய குரல்செய்தியை இதுவரை பதினேழு தடவை கேட்டுவிட்டேன். அதில் தாங்கள் என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிறீர்கள். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வேறு சபைக்காரன், ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன் என்பதால் இதுவரை நான் தங்கள் வீட்டில் "அந்தப் பெட்டிக்காரன்". கல்யாணப் பந்தியில்கூட "பெட்டிக்காரனுக்கு ரசம் ஊத்துங்க" என்றுதான் தாங்கள் சொன்னீர்கள். அப்பேர்ப்பட்ட தாங்கள் இப்போது ஷாலினி கல்யாணப் பத்திரிகையில் "பம்பாய் இசைமேதை" என்று என் பெயரைப் போடப்போவதாகவும், பாளையங்கோட்டையிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா வைத்து அதே இசையை வாசிக்கப்போவதாகவும், உடனே நோட்ஸை அனுப்பவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நோட்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு உண்மையைச் சொல்லியாகவேண்டும். தாங்கள் கேட்டு அழுதது நான் எழுதிய இசை அல்ல.

திருடினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மாதுங்காவில் சங்கீத நண்பர்கள் கூடம் என்று ஒன்று இருக்கிறது. அதன் காரியதரிசி சுரேந்திரன், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைப் பாட்டைக் கேட்க வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜாபெஸ் சார், எங்க ஆண்டு விழாவுக்கு நீங்க ஒரு பீஸ் பண்ணித் தரணும். நியோ-பரோக் ஸ்டைல். காடுதான் தீம். ரொம்ப சீரியஸா வேண்டாம், விளையாட்டா இருக்கணும். பன்னெண்டு நிமிஷம்" என்றார். பரோக் என்றால் வேறொன்றுமில்லை, முந்நூறு வருஷத்துக்கு முன்னே ஐரோப்பாவில் ராஜாக்கள் வீட்டில் வாசித்த பாணி. ஒரு கோஷ்டி ஒரு மெட்டைச் சொல்லும், அது முடியுமுன்னே இன்னொரு கோஷ்டி அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே துரத்தும். அதையே இந்தக் காலத்தில் ஒருத்தன் உட்கார்ந்து எழுதினால் நியோ-பரோக். இத்தனை வருஷமாக அடுத்தவர் பாட்டுக்கெல்லாம் நாலு குரல் சேர்த்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒன்று எழுது என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை மச்சான். அந்த சந்தோஷத்தில் வேகமாகத் தலையை ஆட்டிவிட்டேன். லோக்கல் ட்ரெயினில் ஏறின பொறவுதான் உறைத்தது. காடா? நான் எங்கே காட்டைக் கண்டேன்? ஊரில் பார்த்தது பனையும் உடைமுள்ளும். பத்தொன்பது வயசில் இங்கே வந்த பிறகு டெலிபோன் இலாகாவில் லைன்மேன். முப்பத்தாறு வருஷம் நான் ஏறின மரமெல்லாம் கம்பம்தான்.

சரி, ஒரு காட்டைப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தங்கள் தங்கையையும் எலுமிச்சம் சோற்றையும் கூட்டிக்கொண்டு போரிவலிக் காட்டுக்குப் போனேன். மரத்தைவிட ஜனம் ஜாஸ்தி. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஸ்பீக்கர். குயில் சத்தம் கேட்டு ஓடினேன், அது ஒருத்தர் போன். ஒரே ஒரு அணில்தான் உருப்படியாக அகப்பட்டது. விறுவிறுவென்று மரத்தில் ஏறிச்சு. அடடா, நம்ம கம்பம் ஏறுற சோலியில்லா என்று அப்படியே ஒரு மெட்டு மனசில் வந்தது. உட்கார்ந்து நோட்டில் எழுதுதேன், பின்னாலேர்ந்து ஒரு குரங்கு வந்து முதல் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது. "அதுக்காவது பிடிச்சிருக்கே" என்றாள் தங்கள் தங்கை. அவள் பேச்சு தங்களுக்குத் தெரியாததா!

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன் மச்சான். எதிர்வீட்டுப் பேராச்சி மிக்ஸி போடும் நேரமெல்லாம் கீழ்ஸ்தாயிப் பகுதியை எழுதினேன், ரெண்டும் ஒரே சுருதி. எல்லாத்தையும் நமக்குப் பழக்கமான சொல்ஃபாவிலேயே எழுதினேன். தங்களுக்குத் தெரியும், ஆனி அக்காவுக்காக விளக்குதேன். டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ. எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும் முதல் எழுத்து மட்டும், சின்ன இங்கிலீஷ் எழுத்தில்: d r m f s l t. திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் பாடகர் குழுவில் நிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ. அணில் மரத்தில் ஏறுகிற என் மெட்டு d m s. டோ, மீ, சோ. மூணே சுரம், மூணே தாவல், அணில் உச்சாணிக் கொம்பில். இதை நான் சொல்லும்போதே தங்களுக்குப் புல்லரிக்கணும்.

இப்ப வாசிக்க ஆள் வேணும். வயலினுக்கு எங்க சபையில எட்டு பேர் இருக்காவ, சொல்ஃபாவில ஊறினவங்க. ஃப்ளூட், கிளாரினெட், ஷெனாய் எல்லாத்துக்கும் கோவண்டியில் கல்யாண பேண்டு வச்சிருக்கிற கரீம் பாட்சாவைப் பிடிச்சேன். ராமநாதபுரத்துக்காரர், தங்கமான மனுசர். அவர் கோஷ்டியில் ஆறு பேர், எல்லாரும் இந்திக்காரங்க, தலைவன் ஃப்ளூட் வாசிக்கிற ஜீஷான். நாப்பது வயசு, மூணு பிள்ளைக்குத் தகப்பன், ஊதினா காத்தே நின்னு கேக்கும். நோட்ஸைக் கொடுக்கும்போது நான் கேட்டேன் மச்சான், சத்தியமாக் கேட்டேன். "பாய், இது இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. உங்க ஆளுங்க வாசிச்சுருவாங்களா?" அதுக்கு அவர், "அண்ணே, நம்ம ஆளுங்க எப்பவுமே சுரத்தை இங்கிலீஷ் எழுத்துலதான் எழுதுவாங்க. நீங்க டென்ஷன் எடுக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அங்கதான் நான் கவுந்தேன்.

கல்யாண சீசன் என்பதால் அவங்க கோவண்டியில் தனியா வாசிச்சுப் பழகினாங்க, எங்க ஆளுங்க சபையில தனியாப் பழகினாங்க. விழா அன்னிக்குக் காலையில் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து ஒரு தடவை வாசிச்சுப் பாத்துருவோம்னு ஏற்பாடு. அன்னிக்குன்னு ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், ட்ரெயின் கிடையாது. ஒரு நலங்கு வீட்டில் வாசிச்சுட்டு அப்படியே ரெண்டு ஷேர் டாக்ஸி பிடிச்சு, ஜரிகை வச்ச சிவப்புக் கோட்டோட, கன்னத்தில் மஞ்சளோட, மேடைக்குப் பின்பக்கமா வந்து இறங்குதாங்க ஆறு பேரும். அறிவிப்பு முடிஞ்சாச்சு. அரங்கில முந்நூறு பேர். ஜீஷான் என்னைப் பாத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நானும் கையைத் தூக்கினேன்.

வயலின்ல அணில் ஏறிச்சு மச்சான், அழகா ஏறிச்சு. பின்னாலேயே துரத்தி ஏறவேண்டிய ஃப்ளூட் அணில் பொத்துன்னு விழுந்தது. விழுந்ததும் இல்லாம அழுதுகிட்டே விழுந்தது. சரி, முதல் தடவை தவறியிருக்கும்னு பாக்கேன், மறுபடியும் விழுது. மூணாந்தடவையும் விழுது. பொறவு ஆறு பேரும் ஒண்ணா நிறுத்திட்டு என்னைத் திருதிருன்னு முழிச்சுப் பாக்காங்க, எங்க வயலின்காரங்க மட்டும் பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்காங்க. ஏல, நிறுத்துங்கலேன்னு கையைக் காட்டினேன். ஜீஷான் பணிவாத் தலையை ஆட்டிட்டு மறுபடியும் முதல்லேர்ந்து விழ ஆரம்பிச்சான். முன் வரிசையில் ஒரு மாமி முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவங்க வரிசை, அப்புறம் அரங்கு பூராவும். பன்னிரண்டாவது நிமிஷத்தில் எங்க ஆளுங்க முடிச்சுட்டு வில்லைக் கீழே வச்சாச்சு, ஆனா அவங்களுக்கு இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருந்தது. முந்நூறு பேர் முன்னால சும்மா உக்காந்திருக்க வெக்கப்பட்டு எங்க ஆளுங்க திரும்ப முதல்லேர்ந்து ஏற ஆரம்பிச்சாங்க. நான் எதுக்குக் கை வீசுதேன்னு எனக்கே தெரியாம வீசிக்கிட்டு நின்னேன். வேர்வையில் கண்ணாடி மூக்கிலேர்ந்து வழுக்கி விழுந்துபோச்சு.

முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க மச்சான், தாங்கள் வீடியோவில் பாத்தீங்களே. சுரேந்திரன் மேடைக்கே ஓடி வந்து, "எப்படி சார் தோணித்து உங்களுக்கு! ஒரு அணில் ஏறறது, ஒரு அணில் இறங்கறது, நடுவுல நின்னு முழிக்கறது! காட்டையே கொண்டுவந்துட்டேளே!" என்று கட்டிப்பிடிச்சார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். "கை தட்டுதாங்கல்லா, பேசாம குனிங்க" என்று பக்கத்தில் வந்து நின்ன தங்கள் தங்கை இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். குனிஞ்சேன். நான் செஞ்ச பாவம் அது ஒண்ணுதான். ஒன்ஸ் மோர் கேட்டாங்க. ரெண்டாந்தடவையும் அச்சுப் பிசகாம அதே மாதிரி விழுந்தான் ஜீஷான். அப்பத்தான் எனக்கு இது தவறுதலா வாசிக்கலே, படிச்சுத்தான் வாசிக்கான்னு புரிஞ்சது.

பின்பக்கம் சமோசா சாப்பிடும் இடத்தில் பிடிச்சுக்கிட்டேன். "க்யா பஜாயா ரே தூ?" என்ன வாசிச்சேன்னு கேட்டேன். அவன் நோட்ஸை எடுத்து விரலை வச்சுக் காட்டுதான். "அங்கிள், s மத்லப், அதாவது s ன்னா அர்த்தம், ஸ. r மத்லப் ரி. m மத்லப் ம. d மத்லப் த." ஸ ரி க ம ப த நி, மச்சான்! என் டோவை அவன் தைவதம்னு படிச்சிருக்கான், என் சோவை ஸட்ஜம்னு படிச்சிருக்கான். d m s நமக்கு ஏறுமுகம், அவங்களுக்கு இறங்குமுகம். சின்ன எழுத்து போட்டா அவங்க முறையில சுரத்தைக் கொஞ்சம் அமுக்கி வாசிக்கணுமாம், அதான் அழுகை. "சரிடா, f, l, t இதெல்லாம் உங்க சுரத்திலேயே கிடையாதே, அதை என்ன செஞ்சே?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரு தயக்கமும் இல்லை. "f மத்லப் ஃபிர் ஸே, மறுபடியும். l மத்லப் லம்பா, நீட்டணும். t மத்லப் டஹ்ரோ, நில்லு. கோவண்டியில நாங்க ஆறு பேரும் உக்காந்து ஒரு ராத்திரி பூரா யோசிச்சுக் கண்டுபிடிச்சோம். ரொம்பக் கஷ்டமான மியூசிக் அங்கிள், ஆனா படியா, பிரமாதம்" என்றான். அந்த முகத்தைப் பாத்து எப்படித் திட்ட? இன்னொரு சமோசா வாங்கிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

இப்பச் சொல்லுங்க மச்சான். தாங்கள் கேட்டதில் பாதி நான் எழுதினது, மீதி கோவண்டி கண்டுபிடிச்சது. ஊரெல்லாம் புகழுது, எனக்கு உள்ளுக்குள்ள எரியுது. பேப்பர்ல ரெண்டு வரி வந்தது, அதிலயும் விழுந்த அணிலைத்தான் எழுதியிருக்கான், ஏறின அணிலைப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. அறுபத்திரெண்டு வயசில் முதல் முதலா ஒண்ணு எழுதினேன், அதை இந்த உலகத்தில் ஒருத்தரும் கேக்கலை. நானே கேக்கலை. அதனால இந்த நோட்ஸை எங்க வச்சாலும் பத்திரமா வைங்க. பாளையங்கோட்டைக்காரங்களுக்கு d ன்னா டோ தான், அவங்க சரியா வாசிச்சுருவாங்க. ஷாலினி கல்யாணத்தில் தாங்கள் கேக்கப்போறதுதான் நிசமான ஜாபெஸ். கேட்டுட்டுப் பத்திரிகையில் மேதைன்னு போட்டது அதிகம்னு தோணினா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். திரும்பவும் பெட்டிக்காரன்னு கூப்பிட்டாலும் சரி, நான் எழுதினதைக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க. இந்தப் பொய்யான மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்.

ஆனி அக்காவுக்கு என் அன்பு. மணமகள் ஷாலினிக்கு மாமாவின் ஆசீர்வாதம். பதினாறில் எத்தனை வேண்டுமோ அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். கல்யாணக் காரியங்கள் யாவும் ஆண்டவர் கிருபையால் தடையின்றி நடந்தேறுவதாக. பந்தி ஏற்பாட்டில் மட்டும் தாங்கள் தலையிடாமலிருப்பது நலம் என்று தங்கள் தங்கை சொல்கிறாள். அதை நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜாபெஸ்

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை:

மச்சான், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். கிழிச்சுட்டு வேற எழுதலாம்னுதான் பாத்தேன். "எங்க அண்ணன் எந்தக் கடிதத்தையும் கடைசியிலேர்ந்துதான் வாசிப்பாரு, பின்குறிப்பு எழுதினாப் போதும்" என்று இருதயமேரி சொல்லிட்டா.

நேத்து சாயங்காலம் ஜீஷான் வந்தான். கரீம் பாட்சா விஷயத்தைச் சொல்லியிருக்காரு, பாவம், முகமெல்லாம் வாடிப்போயிருந்தான். "மாஃப் கரோ அங்கிள், மன்னிச்சுருங்க, நீங்க எழுதின மாதிரியே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுதோம்" என்று என் முன்னாலேயே உக்காந்து பூராவையும் அவங்க முறையில மாத்தி எழுதிக்கிட்டான். இன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் பதினாலு பேரும் எங்க சபைக்கு வந்தாங்க. கேக்க வந்தது தங்கள் தங்கையும் கரீம் பாட்சாவும் பேராச்சியும். நான் கையைத் தூக்கினேன்.

சரியா வாசிச்சாங்க. ஒரு சுரம் பிசகலை. அணில் ஏறிச்சு. பின்னாலேயே அடுத்த அணில் ஏறிச்சு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. பன்னிரண்டு நிமிஷமும் ஏறிக்கிட்டே இருந்தது மச்சான், ஒண்ணுகூட விழலை, ஒண்ணுகூட நின்னு முழிக்கலை. அத்தனையும் அரசாங்க வேலைக்குப் போற அணில் மாதிரி வரிசையாப் போச்சு. நாலாவது நிமிஷத்தில் கரீம் பாட்சா மரியாதையா, "முடிஞ்சுருச்சாண்ணே?" என்றார். பேராச்சி அடுப்பில் பால் வச்சுட்டு வந்ததா சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இருதயமேரி "நல்லாத்தான் இருக்கு" என்றாள், டாக்டர் சாப்பிடச் சொன்ன கஞ்சியைச் சொல்லுகிற மாதிரி. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது எனக்கே ஒரு கொட்டாவி வந்தது. கையை வீசிக்கிட்டே விட்டேன், எல்லாரும் பாத்தாங்க. ஜீஷான்தான் முதல்ல சிரிச்சான். பொறவு எனக்கும் சிரிப்பு தாங்கலை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அந்த மேடையிலேயே உக்காந்துட்டேன்.

ஆகவே, d ன்னா தைவதம்தான். நான் ஆரம்பத்திலேர்ந்தே அப்படி நினைச்சுத்தான் எழுதினேன், யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. இத்துடன் வச்ச நோட்ஸை எடுத்துட்டேன். பாளையங்கோட்டைக்காரங்க கையில் அது சிக்கினா சரியா வாசிச்சுத் தொலைச்சுருவாங்க. ஃப்ளூட் வாசிக்க அவங்க ஆளு ஒருத்தரும் வேண்டாம். ஜீஷானையும் அஞ்சு பேரையும் ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பி வைக்கேன். அவங்க தங்கள் வீட்டில் இருக்கும்போது எது கேட்டாலும் செஞ்சு கொடுங்க, நோட்ஸுக்கு மட்டும் ஒருத்தரும் அர்த்தம் சொல்லிக் கொடுக்காதீங்க.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகலைன்னா 'இசை: ஜாபெஸ், ஜீஷான்' என்று போடுங்க. என் பேரு முதல்ல.